கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டால் குற்ற நாவலில் படிக்க என்ன இருக்கிறது?

தியோடர் டிரைசர் 1925-இல் எழுதிய 'ஆன் அமெரிக்கன் டிராஜடி'யைப் படித்துப் பாருங்கள். யார், யாரை, எதற்காக என்பதெல்லாம் நமக்கு முன்கூட்டியே தெரியும். கடைசிவரை பிடிபடாதது ஒன்றுதான்: நடந்தது கொலையா?

கிளைட், தெருவில் நின்று மதப் பிரசங்கம் செய்யும் ஏழைத் தம்பதியின் மகன். அப்பாவின் சகோதரர் நடத்தும் சட்டைக் காலர் தொழிற்சாலையில் சேர்கிறான். அங்கே வேலை செய்யும் ரொபர்ட்டாவுடன் ரகசியமாகப் பழகுகிறான், அவள் கர்ப்பமாகிறாள். அதற்குள் அவன் மனம் பணக்கார வீட்டு சோண்ட்ராவிடம் போய்விட்டது. திருமணம் என்று நம்பி வந்த ரொபர்ட்டாவை ஏரியில் படகேற்றுகிறான், கொல்லும் எண்ணத்தோடுதான்.

ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குத் துணிவு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பயந்து அவள் அருகே வருகிறாள். கையில் இருந்த கேமராவோடு அவளைத் தள்ளிவிடுகிறான். அடிபட்டவளைப் பிடிக்க எழும்போது படகு கவிழ்கிறது. அவள் கூப்பிடுகிறாள். அவனுக்கு நீச்சல் தெரியும். கரைக்கு நீந்திப் போய்விடுகிறான்.

இந்தச் சில பக்கங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ரொபர்ட்டாவுக்காகத்தான் மனம் பதறுகிறது. ஆனாலும் விசாரணையில், சாட்சியத்தைப் பலப்படுத்த அரசுத் தரப்பு ஆள் ஒருவர் அவளுடைய தலைமுடியைக் கேமராவில் செருகி வைக்கும்போது கிளைட்டுக்காகவும் கோபம் வருகிறது. இரண்டையும் ஒரே வாசகரிடம் வரவைத்ததுதான் டிரைசரின் திறமை.

உண்மையில் நடந்த வழக்கிலிருந்து பிறந்த கதை இது. 1906 ஜூலை 11 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரௌன் என்ற பெண் இறந்தார். அவரைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட காதலர் செஸ்டர் ஜில்லெட்டுக்கு 1908-இல் மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட கிரேஸின் கடிதங்களை ஒட்டித்தான் நாவலில் ரொபர்ட்டாவின் கடிதங்கள் அமைந்திருக்கின்றன. அவை நெஞ்சை அறுக்கும்.

முதல் பாகம் மெதுவாகத்தான் நகரும். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கான்சஸ் சிட்டியில் நண்பர்களோடு கிளைட் போகும் கார் மோதி ஒரு சிறுமி இறக்கிறாள். போலீஸ் வருவதற்குள் அவன் இருட்டில் தவழ்ந்து தப்பித்து, ஊரைவிட்டே ஓடிவிடுகிறான். ஏரிக்குப் போவதற்குப் பல நூறு பக்கங்கள் முன்பே இது நடந்துவிடுகிறது.