சாயப்பட்டறை வீட்டுப் பெண் வேதியியல் படிக்கட்டும்

ஐயா,

உங்கள் மகள் பாப்பா பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன், ரசாயன ஆயுதம் பரவாமல் தடுக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். உங்கள் மைத்துனரோ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் ஆறுதல் சொன்னால் நாளைக்கே பணத்தைக் கட்டிவிடுவீர்கள். கட்டாதீர்கள்.

இன்ஜினீயரிங் பற்றி ஊரே பேசுகிறது. நான் வேறு பேச வேண்டியதில்லை. பாப்பா சொல்லும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

தயோடைகிளைக்கால் என்றொரு ரசாயனம். துணி பிரிண்டிங்கில் சாயம் கரைக்க உதவும், பேனா மைக்கும் போகும். தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும் ரசாயன ஆயுதமான கடுகு வாயுவுக்கு மூலப்பொருளும் அதுதான். 1988இல் ஈராக்கின் ஹலப்ஜா ஊர்மீது சதாம் உசேனின் படை கடுகு வாயுவையும் நரம்பு வாயுக்களையும் வீசியது. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள், பச்சைக் குழந்தைகள் உட்பட. அந்த ஆயுதங்களுக்கான மூலப்பொருள்கள் பல நாட்டுக் கம்பெனிகளிலிருந்து சாதாரணச் சரக்காகவே ஈராக்குக்குப் போயிருந்தன. பில்லைப் பார்த்ததும் "இத்தனை டன் யாருக்கு, எதற்கு?" என்று கேட்க, வேதியியலும் சட்டமும் தெரிந்த ஆள் வேண்டும்.

நம் நாட்டிலும் அந்த வேலைக்கு இடம் இருக்கிறது. ரசாயன ஆயுத உடன்படிக்கைச் சட்டம் 2000இலும், பேரழிவு ஆயுதங்கள் பற்றிய சட்டம் 2005இலும் வந்தன. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்கள் 'ஸ்கோமெட்' என்ற அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. உரிமம் வாங்காமல் அவற்றைக் கப்பலேற்ற முடியாது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் அந்தப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்கு மதிப்பு உண்டு.

ஆய்வகப் பக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். தி ஹேக் நகரில் உள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்பு, 2013இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. அது உலக ஆய்வகங்களுக்குத் தேர்வு வைக்கிறது. மண்ணோ தண்ணீரோ மாதிரியாக வந்து சேரும். ஆயுதத்தின் தடயம் அதில் உண்டா, எந்தச் சேர்மம் என்று 15 நாளில் அறிக்கை போக வேண்டும். இல்லாததை இருப்பதாக எழுதினால் தோல்விதான். குவாலியரில் உள்ள, நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் இந்தத் தேர்வில் தேறியிருக்கிறது. பொறுமையும் கண்டிப்பும் உள்ள பிள்ளைகளுக்கான வேலை இது. பிராக்டிகல் நோட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவாள் என்று அவளைப் பற்றிக் குறை போல எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குணம்தான் இங்கே முதல் தகுதி.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரட்டும். பகுப்பாய்வு வேதியியலில் கை நன்றாகப் பழக வேண்டும். ஹேக் வேலை படித்த கையோடு கிடைக்காது, அனுபவம் கேட்பார்கள். கிடைத்தாலும் பொதுவாக 7 ஆண்டுதான். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இதே படிப்புக்கு மருந்துக் கம்பெனிகளிலும் மாசுப் பரிசோதனை ஆய்வகங்களிலும் வேலை உண்டு.

தோட்டத்தை அடமானம் வைக்கிற பேச்சு வேண்டவே வேண்டாம். பிடிக்காத படிப்பில் அவள் அரியர் வைத்தாலும் வட்டியைக் கட்டப்போவது நீங்கள்தான், மைத்துனர் அல்ல. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத் தேதி தவறிவிடக் கூடாது. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பாப்பாவையும் கூட்டிப் போங்கள். வேதியியல் லேபைத் திறந்து காட்டச் சொல்லி, அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் அவளையே பேசவிடுங்கள்.