ஒருசார்பான ஆவணப்படத்தை மாணவர்களுக்குத் திரையிடலாமா?

கேள்வி: கல்லூரியில் இதழியல் கற்பிக்கிறேன். அமெரிக்கத் துப்பாக்கி வன்முறை பற்றிய ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ ஆவணப்படத்தைத் திரையிட ஏற்பாடு செய்திருந்தேன். அது பொய்கள் நிறைந்த பிரச்சாரம் என்று சக ஆசிரியர் ஒருவர் ஒரு பட்டியலுடன் எதிர்க்கிறார். கைவிடுவதா, சமன்செய்ய எதிர்த்தரப்புப் படம் ஒன்றையும் சேர்த்துக் காட்டுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். படத்தை இயக்கிய மைக்கேல் மூர் தாம் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மறைப்பவர் அல்லர். சார்பு வெளிப்படையாக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஒரு காட்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் ஒட்டுகளைத்தான்.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர், சக மாணவர் 12 பேரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றனர். படத்தில் அந்தத் துயரக் காட்சிகள் முடிந்த கையோடு, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அப்போதைய தலைவரான நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் துப்பாக்கியைத் தலைக்குமேல் உயர்த்தி, தம் பிணத்தின் கையிலிருந்துதான் அதைப் பிடுங்க முடியும் என்று முழங்குகிறார். உடனே மூரின் குரல், கொலைகள் நடந்த பத்து நாளில் ஹெஸ்டன் அதே கொலராடோவின் டென்வருக்கு வந்து பெரிய கூட்டம் நடத்தினார் என்கிறது; தொடர்ந்து டென்வர் உரை வருகிறது. ஆனால் அவர் துப்பாக்கியை உயர்த்தியது 2000 மே மாதம், வட கரோலினாவின் சார்லட் நகரில். டென்வரில் நடந்ததோ முன்பே முடிவாகியிருந்த ஆண்டுக் கூட்டம். அதிலும் பல நிகழ்ச்சிகளைச் சங்கம் ரத்து செய்திருந்தது. துப்பாக்கி டென்வரில் உயர்த்தப்பட்டது என்று மூர் எங்கும் சொல்வதில்லை. அந்த முடிச்சைப் பார்ப்பவரே போட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார். கூர்ந்து பார்த்தால் ஹெஸ்டனின் உடை மாறியிருப்பது தெரியும். வகுப்பில் அங்கே நிறுத்தி, மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் எந்தப் பிரதியைத் திரையிடப்போகிறீர்கள் என்பது. கல்லூரி விழாக்களுக்கென்றே ‘சுருக்கப் பதிப்பு’ தயாரித்து, தமிழ்க் குரல் சேர்த்து, பென் டிரைவில் கொண்டுவந்து தர யாராவது முன்வரலாம். ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும் படத்தை இருபது நிமிடமாக்கும்போது முதலில் பறிபோவது தேதியும் ஊரும்தான். அதற்குமேல் அவர்கள் தங்கள் கட்சிக்கு வேண்டிய வசனத்தையும் பின்னணிக் குரலில் ஏற்றிவிடலாம். மூரின் ஒட்டையாவது நாம் பிரித்துக் காட்டலாம். இவர்கள் போட்ட ஒட்டு எது, மூர் போட்டது எது என்று எவரால் சொல்ல முடியும்? முழுப்படத்தை முறையாக உரிமம் பெற்றுத் திரையிடுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் சுருக்கத்தைத் தொடாதீர்கள். தணிக்கை வாரியம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். வசைச்சொல்லை ஒலியடைப்பதில் அதற்கு இருக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட, காட்சி எடுத்த தேதியைத் திரையில் போடவைப்பதில் இல்லை. ஆவணப்படக்காரர்கள் முறையிட இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் 2021-இல் கலைத்துவிட்டு, உயர்நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். நடித்துக் காட்டிய காட்சி என்றாலே மோசடி என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. எரால் மோரிஸின் ‘தி தின் ப்ளூ லைன்’ (1988), டல்லஸில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் அது ஒரு சாட்சி சொன்னபடி அமைவதால், காட்சிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன; சாட்சியங்களின் ஓட்டை அப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. அக்கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்தவர் 1989-இல் விடுதலையானார். அங்கே நடிப்பு, நடிப்பு என்று தெரியும்படியே நிற்கிறது. சார்லட் காட்சியோ அசல் பதிவாக இருந்தும் ஏமாற்றுகிறது.

உங்கள் சக ஆசிரியரைத் திரையிடலுக்கு அழைத்து, பட்டியலிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் படத்தை நிறுத்தி விளக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யார் என்பதையும் மாணவர்கள் அவரிடம் கேட்கட்டும்; அமெரிக்காவில் இப்படிப் பட்டியல் போட்டவர்களில் துப்பாக்கி உரிமைக்காக வாதாடுபவர்களும் உண்டு.