வாக்கிங் போறதையே தியானமா பண்ணலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எனக்கு 56 வயசு, சுகர் இருக்கு. உக்காந்து தியானம் பண்ணா கொஞ்ச நேரத்துலயே தலை தொங்கிடுது, தூக்கம் வரலைன்னா வீட்டுக் கவலை எல்லாம் வரிசை கட்டி வருது. காலைல முக்கா மணி நேரம் பார்க்ல வாக்கிங் போறேன், அதையே நடை தியானமா மாத்திக்கலாமா?"

மாத்த வேண்டாம்மா, ரெண்டும் தனித்தனியாவே இருக்கட்டும். சுகருக்கு அந்த வேகமான நடை கண்டிப்பா வேணும், மெதுவாக்கிட்டா அதோட பலன் குறைஞ்சிடும். நடை தியானத்துக்குன்னு, அதாவது ஒவ்வொரு அடியையும் கவனிச்சு மெதுவா நடக்கறதுக்குன்னு, தனியா ஒரு 15 நிமிஷம் ஒதுக்குங்க. ஹாலோ மொட்டை மாடியோ, 10, 15 அடி எடுத்து வைக்கிற மாதிரி நேரா ஒரு இடம் இருந்தா போதும்.

தூக்கம் வர்றவங்களுக்கு இது நல்லாவே ஒத்துவரும், ஏன்னா உடம்ப பேலன்ஸ் பண்ணிக்கிட்டே தூங்க முடியாதுல்ல. பர்மாவோட புத்த பிக்கு மகாசி சயாடோ (1904–1982) சொல்லிக்கொடுத்த முறைல ஒரு மணி நேரம் உக்காந்தா அடுத்த ஒரு மணி நேரம் நடை, இப்படியே மாத்தி மாத்தி நாள் பூரா போகும், நடைய அங்க ரெஸ்ட்டுன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

முதல்ல சும்மா நில்லுங்க, ரெண்டு பாதத்துலயும் எடை இறங்கறது தெரியட்டும். அப்புறம் மெதுவா நடந்துக்கிட்டே மனசுக்குள்ள "இடது, வலது"ன்னு சொல்லிக்கோங்க. முதல் வாரத்துக்கு இது போதும். பழகினப்புறம் ஒரு அடியவே மூணா பிரிங்க, தூக்கறது, நகர்த்தறது, வைக்கிறது. குதிகால் முதல்ல எழும்பும், கடைசியா கட்டைவிரல் நுனி தரைய விடும், அதுக்குள்ள எடை மொத்தமா இன்னொரு காலுக்குப் போயிருக்கும், டைல்ஸோட குளிர்ச்சி, ஜாயிண்ட்ல இருக்கற அந்தச் சின்ன கோடு வரைக்கும் பாதத்துக்குத் தெரியும். காலையே குனிஞ்சு பாக்காதீங்க, கழுத்து வலிக்கும், ஒரு ரெண்டு மீட்டர் தள்ளி தரைல பார்வை இருக்கட்டும்.

மனசு அதிகமா நழுவுறது திரும்புற இடத்துலதான். பாதை முடிஞ்சதும் டக்குனு திரும்பாம நின்னு, ஒரு மூச்சு விட்டு, சின்னச் சின்ன அடியா திரும்புங்க. நடுவுல மகன் வேலை, மருமக பேச்சுன்னு கவலை வந்தா அதோட சண்டை போடாதீங்க, "நினைக்கறேன்"னு மனசுக்குள்ள சொல்லிட்டு மறுபடி பாதத்துக்கு வாங்க, ரொம்ப பிடிச்சு இழுத்தா நின்னுடுங்க, அது கொஞ்சம் தணிஞ்சப்புறம் நடக்கலாம். நூறு தடவை போனாலும் நூறு தடவை திரும்பி வர்றதுதான் இங்க பயிற்சியே, அதனால "எனக்கு வரல"ன்னு விட்டுடாதீங்க.

நடைக்குப் புத்தர் அஞ்சு பலன் சொன்னாரு, அதுல உடம்புக்கு நல்லது, சாப்பிட்டது செரிக்கும்ங்கறதெல்லாம் இருக்கு, அஞ்சாவதா, நடைல கிடைக்கற ஒருமுகம் ரொம்ப நேரம் நிலைக்கும்னு சொல்றாரு. உங்களுக்கு வேண்டியது அதுதான். நடந்து முடிச்ச கையோட ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க, பழைய தூக்கம் அவ்வளவா வராது.

சுகர் இருக்கறதால ஒண்ணு ரெண்டு விஷயம் கட்டாயம் பாத்துக்கணும். பாதத்துல மரமரப்பு இருந்தா வெறுங்கால்ல நடக்கவே கூடாது, வெயில்ல காஞ்ச மாடில சுட்டாக்கூட தெரியாம கொப்பளிச்சிடும். மெத்துனு செருப்பு போட்டு வீட்டுக்குள்ளயே நடங்க, பாதத்துல உணர்ச்சி சரியா தெரியலைன்னா முழங்கால், இடுப்புல எடை மாறுறத கவனிங்க. மெதுவா நடக்கறப்பதான் தள்ளாட்டம் அதிகம், அதனால சுவர் ஓரமா நடங்க, தலை சுத்துச்சுன்னா உடனே உக்காந்துடுங்க, அடிக்கடி அப்படி ஆச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா.