ஈரலை வெட்டினால் இரத்தம் நிற்காதா?

கேள்வி: வாப்பாவின் ஈரலில் கட்டி. கொழும்பில் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஈரலில் கத்தி பட்டால் இரத்தம் நிற்காது, பத்துப் பைந்த் இரத்தத்துக்கு ஆள் சேர்த்து வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா டொக்டர்?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அவர்கள் சொல்வது பழைய காலத்துக் கதை, மகள். நிமிடத்துக்கு ஒன்றரை லீட்டர் அளவில் இரத்தம் ஈரலுக்குள் போய்வருகிறது, அதனால் பயம் வந்தது நியாயம்தான். ஆனால் இன்று திட்டமிட்டுச் செய்யும் ஈரல் ஒப்பரேஷனில் பலருக்கு ஒரு பைந்த்கூட ஏற்ற வேண்டி வருவதில்லை.

ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயில் நாளமும் (போர்ட்டல் வெயின்) நாடியும் ஒரே கட்டாகத்தான் உள்ளே நுழைகின்றன. அந்தக் கட்டை அப்படியே இறுக்கிப் பிடித்தால் வரத்து நின்றுவிடும். கிளாஸ்கோவில் இருந்த பிரிங்கிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதை 1908இலேயே எழுதிவிட்டார். இப்போது பெரும்பாலும் 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் விட்டு, திரும்பவும் இறுக்குவார்கள், ஈரல் பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா.

வரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. உங்கள் பக்கத்து வயற்காரரைக் கேளுங்கள், மதகை மூடினாலும் வடிகால் நிரம்பிக் கிடந்தால் தண்ணீர் திரும்ப வயலுக்குள் ஏறும். ஈரலில் இருந்து இதயத்துக்குப் போகும் நாளங்களும் அப்படித்தான், அங்கே அழுத்தம் கூடினால் வெட்டிய இடத்தால் இரத்தம் பின்னுக்கு வரும். அதைக் குறைத்து வைப்பது மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர். வெட்டி முடியும்வரை சேலைனைக் கட்டுப்படுத்தி, நாள அழுத்தத்தை 5 மில்லிமீற்றர் பாதரசத்துக்குக் கீழே வைத்திருக்கப் பார்ப்பார், பிறகு தேவையானதை ஏற்றுவார். என்னைக் கேட்டால், இரத்தம் மிச்சமாவதில் பாதிப் புண்ணியம் அவருக்குத்தான், ஆனால் அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் வெட்டுகிற விதம். ஒரே இழுவையில் வெட்டுவதில்லை. ஸ்கேன் கருவியை ஈரலின் மேலேயே வைத்து நாளங்கள் ஓடும் பாதையைப் பார்த்துக்கொள்கிறார்கள், மீயொலிக் கருவியால் சதையை மட்டும் கரைக்கிறார்கள், வெளியே தெரியும் நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள் அல்லது கிளிப் போடுகிறார்கள். ஈரல் சுருங்கி இறுகியவர்களுக்கு இரத்தப்போக்கு கூடலாம், வாப்பாவின் ஈரல் எப்படி என்று நிபுணரிடம் நேரே கேளுங்கள்.

ஆள் சேர்க்க அலைய வேண்டாம், தேவையான இரத்தத்தை இரத்த வங்கி பார்த்துக்கொள்ளும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளொபிடோகிறெல், வார்பரின் ஏதாவது வாப்பா குடிக்கிறாரா? கட்டாயம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இதயத்தில் ஸ்டென்ட் போட்டவர் என்றால் அது உயிருக்கே ஆபத்து. இரத்தம் குறைவாக இருந்தால் அதை இப்போதே சரிப்படுத்தலாமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: இரத்தம் உறைய வைக்கும் டிரனெக்சாமிக் ஊசியைப் போட்டுவிட்டால் வேலை முடியாதா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, விபத்துக் காயத்திலும் பிரசவ இரத்தப்போக்கிலும் அது நல்ல மருந்து. ஈரல் ஒப்பரேஷனில் அப்படி இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2024இல் வெளிவந்த ஆய்வில், இரத்தம் ஏற்றும் தேவையை அது குறைக்கவில்லை, சிக்கல்கள்தான் கூடின.