பையனோட தோளைக் கொஞ்சம் விட்டு வைங்க (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணா,

நாங்க நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கோம். பையனுக்கு 11 வயசு. இதுவரைக்கும் கிரிக்கெட் மட்டும்தான், இப்ப கூடப் படிக்கற பசங்க லிட்டில் லீக் (சின்னப் பசங்களுக்கான பேஸ்பால்) ஆடறாங்கன்னு இவனும் பேர் குடுத்திருக்கான். மார்ச்ல டீமுக்கு ஆள் எடுக்கற ட்ரைஅவுட். வெளில பனி, அஞ்சு மணிக்கே இருட்டிடுது, ட்ரெய்னிங் சென்டர் காசும் நமக்குக் கட்டுப்படியாகல. அதனால பேஸ்மென்ட்ல வலை கட்டி தினமும் 100 பந்து எறிய வைக்கிறேன், பிட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறியறவன்) ஆகணும்னு அவனுக்கு ஆசை. ரெண்டு நாளா தோள் கனமா இருக்குங்கறான், பழகினா சரியாயிடும்னு சொல்லியிருக்கேன். வேற என்னல்லாம் செய்ய வைக்கலாம்?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள நண்பருக்கு,

மொதல்ல அந்த 100 பந்தை இன்னிக்கே நிறுத்திடுங்க. லிட்டில் லீக் மேட்ச்லயே 11, 12 வயசுப் பசங்க ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல பிட்ச் பண்ணக்கூடாதுன்னு ரூல் இருக்கு, 66 பந்தைத் தொட்டுட்டாலே அடுத்த நாலு நாள் பிட்ச் பண்ண விடமாட்டாங்க. நீங்க குளிர்ல, லீவே இல்லாம, தினமும் 100 போட வைக்கிறீங்க. அவன் கனமா இருக்குன்னு சொன்னதை வலின்னே எடுத்துக்கங்க, பசங்களுக்கு அதைச் சொல்ல வேற வார்த்தை தெரியாது, அதுவும் ஆசையா இருக்கற பையன் டீம்ல எடுக்காம போயிடுவாங்களோன்னு பாதியைத்தான் சொல்லுவான்.

நான் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் என் பையன்தான். அவனுக்கு 10 வயசுல நானும் ஒரு பிப்ரவரி முழுக்க கராஜ்ல நின்னு இன்னும் பத்து, இன்னும் பத்துன்னு எறிய வெச்சேன். மார்ச்ல ஒரு நாள் காலைல பல் தேய்க்க முழங்கைய மடக்க முடியலப்பான்னு வந்து நின்னான். டாக்டர் ஆறு வாரம் பந்தையே தொடக்கூடாதுன்னுட்டார். பாதி சீசன் அவன் பெஞ்ச்ல உக்காந்து மத்தவங்களுக்குக் கை தட்டினதை நான் பாத்துட்டு இருந்தேன், அது இன்னும் மனசுல இருக்கு.

அந்த வயசுல எலும்பு வளர்ற இடம் இன்னும் கெட்டியாகி இருக்காது, குருத்தெலும்பாத்தான் இருக்கும். ஒவ்வொரு த்ரோவுக்கும் முழங்கை உள்பக்கத்து தசைநார் அந்த இடத்தைப் பிடிச்சு இழுக்குது. பெரியவங்களுக்கு தசைநார் கிழியும், 1974ல டாமி ஜான்ங்கற பிட்சருக்கு டாக்டர் ஃப்ராங்க் ஜோப் பண்ணின ஆபரேஷன் அதுக்குத்தான், ஆனா பசங்களுக்கு அந்த வளர்ற எலும்பே விலக ஆரம்பிச்சிடும். லிட்டில் லீக் எல்போன்னு அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க, தோள்லயும் இதே மாதிரி வரும். அதனால இப்ப த்ரோ சுத்தமா வேண்டாம், நாலஞ்சு நாள்ல சரியாகலன்னா பீடியாட்ரிஷியன்கிட்ட காட்டுங்க, வலி மாத்திரை குடுத்துட்டு எறிய மட்டும் வைக்காதீங்க.

அப்ப வீட்ல என்னதான் பண்றதுன்னா, காலும் இடுப்பும். பந்தோட வேகம் கால்லேர்ந்து கிளம்பி இடுப்பு, முதுகு வழியா கைக்கு வருது, கீழ பலம் இல்லன்னா அந்தக் குறைய தோள்தான் இழுத்து ஈடு கட்டணும். நம்ம ஊர் தோப்புக்கரணமே நல்ல ஸ்குவாட்தான், 15 தடவை, கொஞ்சம் நின்னு, மறுபடி 15. லஞ்சஸ் (ஒரு கால முன்னாடி வெச்சு முட்டி மடக்கி இறங்கறது), 20 செகண்ட் பிளாங்க் (முழங்கைய ஊனி உடம்பைப் பலகை மாதிரி நேரா வெச்சுக்கறது), பக்கவாட்டுல திரும்பி ஒரு பிளாங்க், ஸ்கிப்பிங் கயிறு. பல் தேய்க்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்லுங்க, பிட்சர் கால தூக்கி நிக்கறப்ப வேண்டிய பேலன்ஸ் அதுதான். வாரத்துல நாலு நாள், 25 நிமிஷம் போதும். தோளுக்குன்னு ஏதாவது வேணும்னா வலி போனப்புறம் லேசான ரப்பர் பேண்ட், முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சு வெளிப்பக்கமா இழுக்கறது, அவ்ளோதான், டம்பெல் தேவையில்ல.

கிரிக்கெட் ஆடின பையன்ங்கறதால கேட்ச் அவனுக்குக் கஷ்டமா இருக்காது, ஆனா க்ளவ் ஒரு கைலதான், வலதுகைக்காரன்னா இடது கைல, அது பழக நாள் ஆகும். டென்னிஸ் பாலை நீங்க உருட்டி விடுங்க, அவன் குனிஞ்சு எடுத்து திருப்பி உருட்டட்டும், தினமும் அம்பது. தோளுக்கு வேலையே இல்லாத ப்ராக்டிஸ் இது. பேட்டிங்ல நேர் பேட் பழக்கம் போகணும், இங்க இடுப்பு திரும்பித்தான் பேட் வரும். உங்க வலைக்கு முன்னாடி ஒரு டீ (பந்தை மேல வெச்சு அடிக்கற ஸ்டாண்ட்) வெச்சு சுருட்டின சாக்ஸை அடிக்க விடுங்க. அடிச்சதும் பேட்டைக் கீழ போட்டுட்டு ஓடணும், கிரிக்கெட் பசங்க அதைக் கைலயே தூக்கிட்டு ஓடிடுவாங்க, அதையும் சேத்தே பழக்குங்க.

த்ரோவ எப்ப ஆரம்பிக்கலாம்னா, வலி சுத்தமா போயி ரெண்டு வாரம் கழிச்சு, டாக்டர்கிட்ட போயிருந்தா அவர் சொல்ற தேதிலேர்ந்து. 30 அடி தூரம், 20 த்ரோ, மெதுவா, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 60 அடிக்கு வாங்க, அவங்க கிரவுண்ட்ல ஒரு பேஸ்லேர்ந்து (ரன்னுக்கு ஓடறப்ப தொடற இடம்) அடுத்த பேஸுக்கு தூரம் அவ்ளோதான். மார்ச்சுக்குள்ள 60 வரலன்னாலும் பரவாயில்ல, வலிய கோச்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. கர்வ் பால் (வளைஞ்சு போற பந்து) கேட்டான்னா இந்த வயசுல கிடையாதுன்னு சொல்லிடுங்க, ஃபாஸ்ட்பாலும் சேஞ்ச்அப்பும் (அதே மாதிரி எறிஞ்சு மெதுவா வர்ற பந்து) போதும். எம்எல்பியும் (பெரியவங்க ஆடற தொழில்முறை பேஸ்பால் லீக்) யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேந்து போட்டிருக்கற பிட்ச் ஸ்மார்ட்ங்கற வழிகாட்டில 9லேர்ந்து 12 வயசுக்கு வருஷத்துல 4 மாசமாவது த்ரோவே இல்லாம விடச் சொல்றாங்க, இந்தக் குளிர்காலத்தை அதுக்குப் பயன்படுத்தியிருக்கலாம். கோடைல கிரிக்கெட்டும் ஆடுவான்னா பவுண்டரிலேர்ந்து எறியறதும் அதே தோள்தான், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

பிட்சர் ஆசைய இந்த வருஷம் கொஞ்சம் தள்ளி வெச்சா தப்பில்ல. செகண்ட் பேஸ்ல நின்னு ஆட்டம் கத்துக்கட்டும், 12 வயசுல மவுண்ட் (பிட்சர் நிக்கற மேடு) ஏறலாம்.

ட்ரைஅவுட் முடிஞ்சதும் எங்க நிக்க வெச்சாங்கன்னு எழுதுங்க. தோள் எப்படி இருக்குன்னு அதுக்கு முன்னாடி, இந்த வாரமே எழுதுங்க.