மாமியாருக்குப் பிடிக்காத மஞ்சள் படம்

கேள்வி: அக்கா, பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) பிரேம் போட்ட படம் ஒன்று வாங்கினேன். மஞ்சள் பின்னணி, பூ வைத்த பெரிய தொப்பியும் ஊதாச் சால்வையுமாக ஒரு பெண். ஓரத்தில் பொடி எழுத்தில் 'கப்ரியேலே முன்ட்டர், 1909' என்று இருக்கிறது. ஒரிஜினலாக இருக்குமோ என்று கணவருக்கு ஆசை. மாமியாரோ, "மூஞ்சி நிறமே சரியில்லை, சாமி மேடை இருக்கிற ஹாலில் மாட்டாதே" என்கிறார். இப்போது தாளில் பழுப்புப் புள்ளி வேறு வருகிறது. என்ன செய்வது?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: கணவரின் ஆசையை முதலில் முடித்துவிடலாம். ஒரிஜினல் ஜெர்மனியில், மியூனிக் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. உங்களிடம் இருப்பது அச்சுப்பிரதி. பூதக்கண்ணாடியை அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அது அச்சு மெஷின் வேலை. 35 வெள்ளி நியாயமான விலைதான்.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: மீனாட்சியைப் பச்சை நிறத்தில் கும்பிடுகிறோமே, யாராவது "அம்மனுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டதுண்டா? முன்ட்டர் போன்ற எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர்களும் தோலின் நிறத்தைப் பார்த்து வரையவில்லை. ஆளைப் பார்த்ததும் மனசில் என்ன நிறம் எழுந்ததோ அதைப் பூசினார்கள். பிடிக்காதவர்கள் அன்றும் இருந்தார்கள். 1937இல் மியூனிக்கில் நாஜிகள் இத்தகைய ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்தே கேலி செய்தார்கள். (இதை மாமியாரிடம் சொல்லாதீர்கள், வீண் வம்பு.)

அவருக்குச் சொல்ல வேண்டியது படத்தில் இருப்பவரின் கதை. பெயர் மரியான்னே வெரெஃப்கின். ரஷ்யாவில் பிறந்தவர், அவரும் ஓவியர்தான். 1888இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து வலக்கையில் காயம். அதோடும் வரையப் பழகிக்கொண்டார். அப்புறம், கூட வாழ்ந்த ஓவியர் யாவ்லென்ஸ்கி முன்னுக்கு வரட்டும் என்று பத்து வருஷம்போல் வரைவதையே நிறுத்திவிட்டார்! அந்த மனுஷர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். மறுபடி தூரிகையை எடுத்த பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் அவரைத் தோழி முன்ட்டர் வரைந்த படம் இது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையை மாமியார் ஒரு தடவை நின்று பார்க்கட்டும். அதற்கும் மசியவில்லையென்றால் மாடிப்படிப் பக்கம் மாட்டிவிடுங்கள். சாமி மேடைக்காகச் சண்டை வேண்டாம்.

பழுப்புப் புள்ளிதான் அவசரம். நம் பினாங்கு ஈரத்தில், தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்தால் இன்றே இறக்குங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள். காப்பிக்கடை முகப்பில் பழைய போஸ்டர்கள் சிவப்பும் மஞ்சளும் போய் நீலமாக நிற்கின்றனவே, அந்தக் கதி இதற்கும் வரும். பிரேம் கடையில் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) கேட்டு, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் இழுக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.