மகள் ஆர்கெஸ்ட்ரா நடத்த ஆசைப்படுகிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 16 வயது. 9 ஆண்டுகளாகப் பியானோ படிக்கிறாள், நோட்டு நோட்டாகப் பாட்டுக் காட்சிகள் எழுதி வைத்திருக்கிறாள். இப்போது மேற்கத்திய வாத்தியக் குழுவான ஆர்கெஸ்ட்ராவை முன்னே நின்று நடத்தப் போகிறேன், ஓபராவும், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமும், எழுதுவேன் என்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா, அதுவும் பெண்பிள்ளைக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான், அம்மா. ஆனால் பட்டம் வாங்கியதும் நியமன ஆணை கைக்கு வரும் வேலை இல்லை. இருபதுகளின் பெரும்பகுதி பயிற்சியிலும் அலைச்சலிலும் போய்விடும். முப்பதைத் தாண்டிய பிறகுதான் பலருக்குப் பெரிய பொறுப்புகள் வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு என்று நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எத்தல் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பெண் எழுதிய ஓபரா 1903இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அரங்கேறியது. அங்கே அடுத்து ஒரு பெண்ணின் ஓபரா ஏறியது 2016இல், பின்லாந்தின் காய்யா சாரியாஹோவுடையது. இடையில் 113 ஆண்டுகள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் நடத்துநரின் மேடையிலும் இதே கதைதான். அமெரிக்காவின் அன்டோனியா பிரிகோ 1930இலேயே பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்திக் காட்டினார். அப்படியும் அவருக்கு நிலையான பெரிய பதவி எதுவும் கிடைக்கவில்லை.

இன்று நிலைமை அப்படி இல்லை. மரின் ஆல்சப் 2007இல் பால்டிமோர் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர், அதாவது தலைமை நடத்துநர், ஆனார். அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். சிமோன் யங் 2005 முதல் 10 ஆண்டுகள் ஹாம்பர்க் ஓபராவை நிர்வாகத்தோடு சேர்த்தே நடத்தினார். 1876இல் தொடங்கிய ஜெர்மனியின் பைராய்ட் ஓபரா விழாவில் 2021இல்தான் ஒரு பெண், உக்ரைனின் ஒக்சானா லினிவ், நடத்துநராக நின்றார். இப்போது பெண் நடத்துநர்களுக்கென்றே பாரிஸில் லா மாஎஸ்த்ரா என்ற போட்டியும், டாலஸ் ஓபராவில் ஒரு பயிற்சித் திட்டமும் நடக்கின்றன. ஆகவே 'பெண் என்பதால் முடியாது' என்ற கவலையை ஓரமாக வையுங்கள். உங்கள் மகள் எப்படித் தயாராகிறாள் என்பதில்தான் எனக்குக் கவலை.

கோலை அசைப்பதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசியில் வருவது. எல்லா வாத்தியங்களின் சுரங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிய தாளுக்கு ஸ்கோர் என்று பெயர். ஒரு பெரிய ஸ்கோரின் ஒரே பக்கத்தில் இருபது வரிசைகளுக்கு மேல் இருக்கும். கிளாரினெட்டுக்கும் ஹார்னுக்கும் எழுதியிருக்கும் சுரம் ஒன்று, காதில் விழும் சுரம் வேறு. வியோலா வேறொரு கிளெஃபில், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் வேறொரு குறியில், எழுதப்பட்டிருக்கும். இத்தனையையும் பார்த்தவுடன் மனத்துக்குள் ஒலிக்க வைக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டாவது ஓபோ அரைச் சுரம் தவறினால் அதைக் கேட்டுப் பிடிக்க வேண்டும். ஓபரா என்றால் இன்னும் ஒரு படி மேலே. மேடையில் பாடுபவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, கீழே குழியில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களை அந்த மூச்சோடு சேர்த்து இழுத்துப் போக வேண்டும். இத்தாலிய, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் வரிகளின் பொருள் தெரியாமல் இது நடக்காது. அதனால் காதுப் பயிற்சியும், பியானோவில் ஸ்கோரைப் பார்த்தபடியே வாசிக்கும் பழக்கமும், ஒரு ஐரோப்பிய மொழியும் இந்த வயதிலேயே தொடங்கட்டும். பியானோவோடு ஆர்கெஸ்ட்ராவில் இருக்கும் ஒரு வாத்தியத்தையும் கற்றுக்கொண்டால் மிக நல்லது. குழுவுக்குள் உட்கார்ந்து வாசித்தவருக்குத்தான் நடத்துபவரின் எந்த அசைவு உதவுகிறது, எது குழப்புகிறது என்பது புரியும். பின்லாந்தின் சுசானா மால்கி செல்லோ வாசித்துவிட்டுத்தான் நடத்த வந்தார்.

அவளுடைய பியானோவை நீங்கள் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஓபரா அரங்குகளுக்குள் நுழைய நல்ல வழி அதுதான். பாடகர்களுக்கு ஒத்திகையில் பியானோ வாசித்து அவர்களைத் தயார்ப்படுத்தும் வேலை ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ரா வருவதற்கு முன்பே வாரக்கணக்கில் அந்த ஒருவர்தான் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் பதிலாக உட்கார்ந்து வாசிப்பார். சிமோன் யங் அங்கிருந்துதான் வந்தார். ஜெர்மனியில் அரசு உதவியோடு நடக்கும் ஓபரா அரங்குகள் சுமார் 80 இருக்கின்றன. ஒத்திகைப் பியானோ, உதவி நடத்துநர், பிறகு நடத்துநர் என்று படிப்படியாக ஏறும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. மாதச் சம்பளமும் உண்டு.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். வயலின் படிப்பவள் வீட்டில் வயலின் எடுத்துப் பழகலாம். நடத்துநரின் வாத்தியம் மனிதர்கள். அவர்கள் எதிரே இல்லாமல் பழக முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு வந்த ஒரு மாணவியிடம், "முதலில் நல்ல கல்லூரியில் இடம் பிடி, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னேன். அவள் நான்கு ஆண்டுகள் நன்றாகவே படித்தாள். முடித்தபோது கையில் சான்றிதழ் இருந்தது. ஆனால் அவள் ஒரு குழுவை நடத்துவதைக் காட்டும் ஒழுங்கான வீடியோ ஒன்றுகூட இல்லை. மேற்படிப்புக்கும் போட்டிக்கும் விண்ணப்பித்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இந்தத் துறையில் நிலைத்த பெண்களின் வாழ்க்கையைப் பாருங்கள். அழைப்பு வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியின் நடத்துநர் பிரிவில் ஆல்சப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் 1984இல் கான்கார்டியா என்ற சொந்த ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி அதில் பழகினார். சாரா கால்ட்வெல் பாஸ்டனில் தானே ஓர் ஓபரா குழுவை உருவாக்கி வளர்த்தார். 1976இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நடத்திய முதல் பெண் அவர்தான். உங்கள் மகளின் ஆசைக்கு மிக நெருங்கியவர் கியூபாவில் பிறந்த ஓடலின் டி லா மார்ட்டினெஸ். லண்டனில் படித்த அவர் 1976இல் லொண்டானோ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். 1984இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிராம்ஸ் (Proms) என்ற பிபிசி கோடை இசை விழாவின் முழுக் கச்சேரி ஒன்றை நடத்திய முதல் பெண் ஆனார். அடிமை வணிகத்தை வைத்து மூன்று பாக ஓபரா ஒன்றும் எழுதியிருக்கிறார். 1994 பிராம்ஸில் எத்தல் ஸ்மித்தின் 'தி ரெக்கர்ஸ்' ஓபராவை நடத்தியவரும் அவரே. இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது.

ஓபரா எழுதுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நடத்தத் தெரிந்தவர் எழுதினால் ஒரு பெரிய வசதி: தன் படைப்பைத் தானே அரங்கேற்றலாம். ஸ்காட்லாந்தின் தியா மஸ்கிரேவ் தன் படைப்புகளைத் தானே நடத்தியவர். ஆனால் முழு நீள ஓபரா என்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. ஓபராவுக்கான பாட்டு வரிகளை எழுதுபவரோடு உட்கார வேண்டும், பியானோவும் குரலும் மட்டும் கொண்ட வடிவத்தை முதலில் பாடகர்களிடம் பாடிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத வேண்டும். எடுத்த எடுப்பில் யாரும் அந்தப் பொறுப்பைப் புதியவரிடம் கொடுப்பதில்லை. மூன்று பாடகர்கள், ஆறேழு வாத்தியங்கள், இருபது நிமிடம். அந்த அளவில் இரண்டு மூன்று எழுதி மேடையேற்றியவரைத்தான் நம்பி அழைப்பார்கள். ஒப்பந்தம் வரும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் தயாரிக்கும் செலவு யாருடையது? அது எழுதப்படாமல் விட்டால் இசையமைப்பாளரின் பணத்திலிருந்தே போகும்.

வருமானம் சீராக இருக்காது. விருந்தினராக நடத்துபவருக்குக் கச்சேரிக் கணக்கில்தான் பணம், அதிலும் முகவருக்கு ஒரு பங்கு போகும். ஓபரா தயாரிப்பு ஒன்றுக்காக ஒரே ஊரில் ஒன்றரை மாதம் தங்க வேண்டியிருக்கும். குடும்பம் என்று ஆன பிறகு இது சுலபமில்லை, ஆனால் பலர் சமாளிக்கிறார்கள். பாடகர் குழு நடத்துவது, ஒத்திகைப் பியானோ, பிறர் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதித் தருவது, கற்பிப்பது என்று பக்கத்திலேயே வேலைகள் உண்டு. இவற்றைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்காதீர்கள். பல நடத்துநர்கள் இவற்றையும் செய்துகொண்டுதான் மேலே வந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? பள்ளிப் படிப்பு அதன்போக்கில் நடக்கட்டும். நடத்துநர் படிப்பின் நுழைவுத் தேர்வுகளில் இருவரை இரண்டு பியானோக்களில் வாசிக்க வைத்து, அவர்களை நடத்தச் சொல்வது வழக்கம். இதை வீட்டிலேயே பழகலாம். பியானோ வாசிக்கும் இரண்டு தோழிகளைக் கூப்பிட்டு, இருவர் வாசிக்கும்படி எழுதப்பட்ட மோட்சார்ட் சிம்ஃபனி ஒன்றின் முதல் பகுதியை அவள் நடத்தட்டும். கேமராவை வாசிப்பவர்கள் பக்கம் வையுங்கள், அவள் முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பத்து நிமிடம் போதும். அதையும், அவள் எழுதியதில் அவளுக்கே பிடித்த ஒரு காட்சியையும் மூன்று மாதத்துக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, எந்த இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன்.